போன் மட்டும்தான் அப்பாவுடையது

அப்பா போனைத் தொலைத்தது ஈப்போ கல்லுமலையில், தைப்பூசத்தன்று. அக்கா மகளுக்குப் பால்குடம். புந்தோங் கோயிலிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து, குனோங் சீரோவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றோம். மோர் கொடுத்தார்கள். யார் எது கொடுத்தாலும் அப்பா இரண்டு கையாலும்தான் வாங்குவார். கையிலிருந்த போனை மேசையில் வைத்துவிட்டு மோரை வாங்கினார். குடித்தார், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார், "நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டு நடந்துவிட்டார். மலையடிவாரத்துக்கு வந்த பிறகுதான் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். காலை 11 மணி இருக்கும்.

பந்தலுக்கு ஓடினோம். இல்லை. என் போனிலிருந்து அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. யாராவது நல்ல மனுஷர் கையில் கிடைத்திருக்கும், உறுமிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டே இருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. மணி போகிறது என்றால் போன் சிம்மோடு சேர்ந்து யாரோ ஒருவர் கையில் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கோ அது நல்ல சகுனமாகப் பட்டது.

மதியம் கிள்ளானிலிருந்து மாமா கூப்பிட்டார். "பாப்பா, அத்தானுக்கு இப்ப எப்படி இருக்கு? எந்த ஆஸ்பத்திரி?"

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவின் வாட்சப்பிலிருந்து மாமாவுக்குச் செய்தி போயிருக்கிறது. கோயிலில் மயங்கி விழுந்துவிட்டேன், அவசரமாக 500 வெள்ளி வேண்டும், இந்தக் கணக்குக்குப் போடு என்று. அதுவும் மலாயில். அப்பா வாட்சப்பில் ஒரு வரி எழுதியவர் இல்லை. தமிழானாலும் மலாயானாலும் எல்லாம் குரல் பதிவுதான். மாமாவுக்கு அது தெரியாதா? தெரியும். "பேரப்பிள்ளைங்க யாராச்சும் தட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். கணக்கு யாரோ முன்பின் தெரியாதவர் பெயரில் இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் கணக்காக இருக்கும் என்று அதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பாசம் இருக்கிற இடத்தில் திருடன் பொய் சொல்லி முடிக்க வேண்டியதுகூட இல்லை. மிச்சத்தை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க வேறொரு விஷயம் தெரிந்தது.

முதலில் பூட்டு. அப்பாவின் போனில் பூட்டே கிடையாது. மேலே இழுத்தால் திறந்துவிடும். "எனக்கு என்ன ரகசியம் இருக்கு?" என்பார். எங்கள் தோட்டத்து லயத்தில் வீட்டுக் கதவைப் பகலில் சாத்தியதில்லை, அந்தப் பழக்கம்தான். ஆனால் இதே அப்பா, துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை அம்மாவின் இடுப்பில் செருகி வைத்திருப்பவர். எதைப் பூட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. போனும் ஒரு தகரப் பெட்டி என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? அப்பாவின் அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஏடிஎம் கார்டு. எல்லாம் கேலரியில் படமாக. அரசாங்க உதவித்தொகைப் பாரம் நிரப்ப, "ஐசியைப் படம் எடுத்து அனுப்புங்கப்பா" என்று கேட்டு வாங்கியதே நான்தான். அனுப்பிய பிறகு அழித்துவிடச் சொல்லவில்லை. போதாததற்கு, தொடர்பு எண்களில் ‘பேங்க்’ என்ற பெயரில் ஒரு நான்கு இலக்க எண். ஏடிஎம் பின். அது யார் சொல்லிக்கொடுத்த யோசனை என்று இன்றுவரை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது, கூகுள் கணக்கு. தொலைந்த ஆண்ட்ராய்டு போனை வேறொரு போனிலிருந்து தேடலாம், பூட்டலாம், உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கலாம். ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்ததற்கு இப்போது ஃபைண்ட் ஹப் என்று பெயர். அதற்குப் போனில் நுழைத்திருக்கும் ஜிமெயிலும் பாஸ்வேர்டும் தெரிய வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் கடைத் தம்பிதான் போட்டுக் குடுத்தான்" என்றார்.

சாயங்காலம் சுங்கை சிப்புட் வந்ததும் நேராக அந்தக் கடைக்குப் போனேன். பையன் நல்ல பையன், அதைச் சொல்லியாக வேண்டும். முகம் சுளிக்காமல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தான். பக்கம் பக்கமாக ஜிமெயில் முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ரெட் டத்தோ ஆண்ட்டி’, ‘பழைய கங்காணி’, ‘கடலைக் கடை’ என்று அடையாளக் குறிப்பு. பாஸ்வேர்டுக்கு என்று தனி வரிசை இல்லை. ஏன் என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்க்கா, இல்லாட்டி மறந்துடுவாங்க" என்றான். எங்கள் ஊரில் பாதி வயசாளிகளின் போன் அந்த ஒரு நோட்டுக்குள் கிடக்கிறது. அவன் மனசு கெட்டால் என்றில்லை, அந்த நோட்டு தொலைந்தாலே போதும்.

அப்பாவின் முகவரியைக் கண்டுபிடித்து உள்ளே போனோம். அதற்குள் போனை அணைத்துவிட்டிருந்தார்கள். போன் இயங்கி, இணையமும் இருந்தால்தான் நம் கட்டளை போய்ச் சேரும். காலை 11 மணிக்கு இந்த முகவரி என் கையில் இருந்திருந்தால் கதை வேறு.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. சிம்மைத் தடுக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு அப்பாவின் ஐசி எண்ணைக் கொடுத்தால், பொருந்தவில்லை என்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பொருந்தவில்லை. பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சிம்மை வாங்கியது தம்பி. ஏழெட்டு வருடத்துக்கு முன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சலுகை விலைக்கு விற்றபோது தன் ஐசியைக் கொடுத்து வாங்கி, அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். சட்டப்படி அது தம்பியின் எண். தம்பி சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரவு 7 மணிக்குத்தான் கிடைத்தான். அவன் கூப்பிட்டுத் தன் ஐசி எண்ணைச் சொல்லிய பிறகே சிம் செத்தது. அதே எண்ணில் மாற்றுச் சிம் வாங்க அவன் நேரில் வர வேண்டும் என்றார்கள். வர இரண்டு வாரம் ஆயிற்று.

ஆக, பூட்டு யாரிடமும் இல்லை, கணக்கு கடைக்காரத் தம்பியிடம், எண் என் தம்பியிடம். அப்பாவுடையது என்று சொல்ல அந்தத் தகடும் கண்ணாடியும் மட்டும்தான் இருந்தன.

சிம் செத்தால் வாட்சப்பும் செத்துவிடும் என்று அன்றிரவு நிம்மதியாக இருந்தோம். அதுவும் தப்பு. சிம் இல்லாவிட்டாலும் வைஃபையில் வாட்சப் ஓடும். மறுநாள் அப்பாவின் பெயரில் இன்னும் இரண்டு பேருக்குச் செய்தி போனது. வாட்சப் உதவிப் பிரிவுக்கு எழுதி, எண்ணைக் குறிப்பிட்டு, போன் திருட்டுப்போய்விட்டது, கணக்கை முடக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதுவரை அம்மா ஒரு காரியம் செய்தார். பழைய தொலைபேசிக் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்தக் குறிப்பேட்டுக்குத்தான். எல்லா எண்ணையும் போனுக்குள்ளேயே வைத்திருந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஏடிஎம் கார்டை அன்றிரவே வங்கியைக் கூப்பிட்டு முடக்கினோம். நல்லவேளை, அதில் கைவைக்கவில்லை. மறுநாள் போலிஸில் புகார் கொடுத்தோம். போன் வாங்கிய பெட்டியை அம்மா தூக்கி எறியாமல் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுக்க முடிந்தது. பெட்டி இல்லாதவர்கள் போன் கையில் இருக்கும்போதே *#06# தட்டி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். மாமா 997-ஐக் கூப்பிட்டார். மோசடியில் பணம் அனுப்பிவிட்டவர்களுக்காக 2022-ல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. அதனால் பணம் அனுப்பிய மறு நிமிடமே கூப்பிட வேண்டும். மாமா கூப்பிட்டது மறுநாள் காலையில், என்னிடம் திட்டு வாங்கிய பிறகு. 500 வெள்ளி திரும்பவில்லை. அனுப்புவதற்கு முன் போலிஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டு, அதன் மேல் புகார் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். அங்கே இல்லாத கணக்கெல்லாம் நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தம்பி வந்த வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வீட்டுப் போன் எல்லாவற்றையும் கொட்டினோம். ஆறு போன்.

சிம் பெயர் மாற்றத்தில் தொடங்கினோம். சனிக்கிழமையே அப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணை அப்பா பெயருக்கே மாற்றியிருந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எண் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகிப் போன மகள், பிரிந்துபோன மருமகன், ஏன், இறந்துபோனவர் பெயரில்கூட இருக்கும். எங்கள் அத்தையின் எண் அப்படித்தான் இருந்தது.

அடுத்து சிம்முக்கே ஒரு பூட்டு. இது பலருக்கும் தெரியாது. திரைக்குப் பூட்டு போட்டாலும் திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் செருகிவிட்டால் பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் டேக் நம்பரும் வாட்சப்பில் நுழையக் கேட்கும் ஆறு இலக்க எண்ணும் அவனுக்கே போகும். சிம் லாக் போட்டால், வேறு போனில் செருகும்போதும், போனை அணைத்துப் போடும்போதும் பின் கேட்கும். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. ஆனால் ஆரம்பப் பின் என்னவென்று குத்துமதிப்பாகத் தட்டக் கூடாது. மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம்மே குப்பைதான். அக்கா அவசரக்காரி, இரண்டு முறை தட்டிவிட்டாள். மூன்றாவதற்குள் தம்பி போனைப் பிடுங்கிவிட்டான். சிம் ஒட்டிவந்த அட்டையில் பின் அச்சடித்திருக்கும். இல்லாவிட்டால் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

திரைப் பூட்டுக்கு வந்தபோது அப்பாவின் விரல் மாட்டேன் என்றது. முப்பது வருடம் உளி பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை, அதற்குப் பிறகு செம்பனைக் குலை சுமந்த கை. ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். "ஐசி எடுக்கப் போனப்பவும் இதே கூத்துதான்" என்று சிரித்தார். சரி, பின் போடலாம் என்றால் உடனே பிறந்த தேதியைச் சொன்னார். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான். அந்த ஐசியின் படம் திருடன் கையில் இருக்கிறது என்பதை விளக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தோட்டத்துப் பெரட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கத் தன்னைக் கூப்பிட்ட செக்ரோல் நம்பரை முன்னும் பின்னும் ஏதோ சேர்த்துப் போட்டுக்கொண்டார். விடியற்காலை ஐந்தரைக்குக் கூப்பிட்ட நம்பர், செத்தாலும் மறக்காதாம். இதை எழுதப்போகிறேன் என்றதும், "அப்ப அதையும் மாத்திடு" என்றார். மாற்றிவிட்டோம்.

பூட்டு போட்டும் ஓட்டை மிச்சமிருந்தது. பூட்டிய திரையின் மேலேயே எஸ்எம்எஸ் முழுதாகத் தெரிந்தது. டேக் நம்பரைப் படிக்கப் போனைத் திறக்கவே தேவையில்லை. அறிவிப்பில் உள்ளடக்கத்தை மறைக்கும்படி மாற்றினோம்.

ஜிமெயிலைப் புதிதாகத் திறந்து, பாஸ்வேர்டை அப்பாவின் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, அந்தத் தகரப் பெட்டிக்குள் போட்டோம். பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எழுபது வயதுக்காரருக்கு அது பொருந்தாத அறிவுரை. வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிற தாளை ஈப்போவில் போன் திருடுகிறவன் படிக்கப் போவதில்லை.

வாட்சப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கிறது. நாமே ஓர் ஆறு இலக்கப் பின் வைத்துக்கொள்வது. இதன் அருமை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மூன்று மாதம் கழித்து ஆபீஸில் புரிந்தது.

நான் செம்பனை ஆலை ஆபீஸில் கிராணி. என் பக்கத்து மேசை அக்கா ஒருநாள் மதியம் போனை நீட்டினார். "இந்தக் கல்யாணப் பத்திரிகை தெறக்க மாட்டேங்குது, பாரு." அனுப்பியவர் அவருக்குத் தெரிந்தவர்தான். வந்திருந்தது படம் இல்லை, பிடிஎஃப் இல்லை. பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தது. ஏபிகே என்றால் போனில் நிறுவுகிற செயலி. பத்திரிகையைப் பார்க்க எதற்குச் செயலி? போன் தன் பங்குக்கு எச்சரித்திருக்கிறது: தெரியாத இடத்திலிருந்து வந்தது, நிறுவ அனுமதி இல்லை என்று. அக்கா செட்டிங்ஸ் வரை போய் அனுமதி கொடுத்திருக்கிறார். பிறகு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது. அதையும் கொடுத்திருக்கிறார். அதோடு சின்னமே காணாமல் போய்விட்டது. யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் இத்தனைக் கதவையும் திறந்திருக்கிறார். நானாக இருந்தாலும் முதல் கதவு வரை போயிருப்பேன்.

அரை மணி நேரம் ஆகியிருந்தது. உடனே ஃபிளைட் மோட் போட்டு, வைஃபையையும் அணைத்து, சிம்மைக் கழற்றினோம். செயலி உள்ளே இருந்தாலும் படித்ததை வெளியே அனுப்ப வழியில்லாமல் செய்வதுதான் முதல் வேலை. என் போனிலிருந்து அவருடைய வங்கியைக் கூப்பிட்டு இணையக் கணக்கை முடக்கச் சொன்னோம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவித்த ஐந்து பாதுகாப்பு நடவடிக்கைகளில் எஸ்எம்எஸ் டேக்கை விட்டு விலகுவதும் ஒன்று. அக்காவின் வங்கி ஏற்கெனவே மாறியிருந்ததால் எஸ்எம்எஸ்ஸைத் திருடியும் பணத்தைத் தொட முடியவில்லை. வாட்சப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது, செயலி அதைப் படித்து அனுப்பியது, அவர்கள் வேறு போனில் அக்காவின் எண்ணில் நுழைந்துவிட்டார்கள். அதே பத்திரிகை அக்காவின் பெயரில் ஊருக்கெல்லாம் போனது. அவருக்கு வந்ததும் இப்படித்தான் வந்திருக்கும்.

போனை மொத்தமாக அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்து, வாட்சப்பில் மறுபடி பதிந்தோம். நாங்கள் பதிந்ததும் அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த அரை மணி நேரத்துக்குள் அவர்கள் டூ ஸ்டெப் பின் ஒன்றைப் போட்டுவிட்டிருந்தார்கள். அது தெரியாமல் அக்காவால் உள்ளே போக முடியாது; ஏழு நாள் காத்திருக்கச் சொன்னது. நாம் போடாமல் விட்ட பூட்டைத் திருடன் போட்டுக்கொண்டான். அன்றைக்கு ஆபீஸில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து தங்கள் வாட்சப்புக்குப் பின் போட்டார்கள், மேனேஜர் உட்பட.

அப்பாவுக்குச் சொன்னேன். "பத்திரிகைன்னா வெத்தலை பாக்கோட வீட்டுக்கு வந்து குடுக்கணும். போன்ல அனுப்புனா நான் போறதே இல்ல" என்றார். அவர் போகாமல் இருந்த கல்யாணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பணம் கேட்டுச் செய்தி வந்தால் என்ன செய்வது என்பதற்கு வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேட்பது. எடுக்காவிட்டால் நம் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பது. கேள்வியை அப்பாதான் முடிவு செய்தார். நம் லயத்துக்குப் பின்னால் இருந்தது என்ன மரம்?

போன மாதம் மாமா வாட்சப்பில் எழுதினார். காடி நடுவழியில் நின்றுவிட்டது, 200 வெள்ளி அனுப்பு, பிறகு தருகிறேன் என்று. கூப்பிட்டோம், எடுக்கவில்லை. அப்பா என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். "ரம்புத்தான்" என்று பதில் வந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அனுப்பாத. இது அவன் இல்ல. அது மங்குஸ்தீன்."

பத்து நிமிடம் கழித்து மாமாவே கூப்பிட்டார், நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து, வெயிலில். கத்தினார். அது ரம்புத்தான்தான், அதில் ஏறி விழுந்து தன் கை உடைந்தது ஊருக்கே தெரியும் என்றார். அப்பா விடவில்லை, கை உடைந்தது கங்காணி வீட்டு ரம்புத்தானில், நம் வீட்டு மரம் மங்குஸ்தீன். கடைசியில் அம்மாவிடம் தீர்ப்புக்குப் போனார்கள். அம்மா தம்பி பக்கமும் சாயாமல் புருஷன் பக்கமும் சாயாமல், "ரெண்டும் இல்ல, அது ஜம்பு மரம்" என்றார். நான் 200 வெள்ளியை அனுப்பிவிட்டேன். கேள்வியை மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை.